வலி என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீங்க

ஊரிலிருந்து அம்மா அப்பாவைக் கூட்டி வந்து கூட வைத்திருக்கும் நம்ம எல்லாருக்கும் சம்பளமில்லாத ஒரு உத்தியோகம் உண்டு. டாக்டர் அறைக்குள்ளே துபாஷி வேலை. எங்க அம்மா புனே வந்து ஆறு வருஷம் ஆச்சு. மராட்டி காய்கறிக்காரம்மா வரைக்கும் ஓடும், ஹிந்தி அதுகூட இல்லை. டாக்டரிடம் பேச நான் வேணும். எங்க குடியிருப்பில் மகன் ஊரில் இல்லாத நேரம் மற்ற வீட்டுப் பெரியவங்களுக்கும் துணைக்குப் போவதுண்டு. அந்த அனுபவத்தில் சொல்றேன். இந்த வேலையை நம்மாளுங்க ரொம்ப அவசரமா செய்றாங்க.

அவங்க அஞ்சு நிமிஷம் சொல்வதை நாம "கால்ல பெயின், டாக்டர்" என்று முடிச்சுடறோம்.

எங்க அம்மாவுக்கு சர்க்கரை வந்து இருபது வருஷம். காலைப் பற்றி அவங்க சொல்ற வார்த்தைகளைப் பாருங்க. "மிளகாய் அரைச்ச கையாட்டம் காந்துதுடா." "ராத்திரி போர்வை பட்டாக்கூட சகிக்கல." "எறும்பு ஊறுது." "பஞ்சு மேல நடக்கிறாப்ல இருக்கு." இதில் எதுவுமே வெறும் 'வலி' இல்லை. மூட்டு தேய்ந்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். இது நரம்பு பேசுற பாஷை.

நான் கதை விடவில்லை. நரம்பு வலியைக் கண்டுபிடிக்க டி.என்.4 என்று ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. 2005-இல் பிரான்சில் உருவாக்கியது. மொத்தம் பத்து அம்சம். அதில் ஏழு, நோயாளியின் சொல்தான்: எரியுதா, வலிக்கிற மாதிரி சில்லிடுதா, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கா, ஊறுதா, ஊசி குத்துதா, மரத்துப் போகுதா, அரிக்குதா. மீதி மூன்றுதான் டாக்டர் தொட்டுப் பார்ப்பது. நாலு மதிப்பெண் வந்தாலே நரம்பு வலியாக இருக்கலாம் என்று எடுத்துக்கிறாங்க. அப்படின்னா நாம 'பெயின்' என்று சுருக்கும்போது பாதிக்கு மேல பரிசோதனையைக் குப்பையில் போடுகிறோம்!

மிளகாய்க் கணக்கும் சும்மா இல்லை. மிளகாயின் காரமும் சுடுகிற சூடும் நம்ம நரம்பில் ஒரே வாசல் வழியாத்தான் நுழையுது. அந்த வாசலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 'காந்துது' என்ற நம்ம வீட்டு வார்த்தை அவ்வளவு துல்லியம்.

சரி, சுருக்கினால் என்ன நஷ்டம்? முதல் நஷ்டம் மருந்தில். வலி என்றால் வலி மாத்திரை. டாக்டர் எழுதாவிட்டாலும் மெடிக்கல் ஷாப்பில் நாமே வாங்கிடுவோம். அது வீக்கத்துக்கும் அடிபட்ட வலிக்கும் கேட்கும். நரம்பே கெட்டுப்போய் தப்புத் தப்பா மணி அடிக்கும்போது பெரிசா கேட்காது. சர்க்கரைக்காரர் மாசக்கணக்கில் அதையே போட்டால் கிட்னிக்குத்தான் கேடு.

நரம்பு வலிக்கு வேற மருந்து. ப்ரீகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின் என்று போகும். இங்கேதான் அடுத்த கலாட்டா. வீட்டுக்கு வந்து நெட்டில் தேடினால் "வலிப்புக்குத் தரும் மருந்து", "மனச்சோர்வு மருந்து" என்று வரும். "எங்கம்மாவுக்கு என்ன பைத்தியமா?" என்று கொதிச்சு, மறுநாளே நிறுத்திடுவாங்க. இப்படி நிறுத்திய வீடுகளை நானே பார்த்திருக்கேன். வலிப்பிலும் நரம்பு வலியிலும் நரம்புதான் கட்டுப்பாடில்லாமல் துடிக்குது. அதை அடக்குற மருந்து ரெண்டுக்கும் உதவுவதில் ஆச்சரியம் என்ன? குறைந்த அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றுவாங்க. பலன் தெரிய சில வாரம் ஆகலாம். தூக்கமும் தள்ளாட்டமும் வரலாம். வயசானவங்க பாத்ரூமில் விழாமல் பார்த்துக்கணும். ஒத்துக்கலைன்னா டாக்டரிடம் சொல்லி மாத்திக்கலாம். திடீர்னு நிறுத்துவது மட்டும் கூடாது. வலி பாதியாகக் குறைந்தாலே நல்ல பலன். முழுசா போகலையே என்று டாக்டர் மாத்தி டாக்டர் அலைவதில் அர்த்தமில்லை.

ரெண்டாவது நஷ்டம் இன்னும் பெரிசு. சில பேர் ஒருநாள் "இப்ப எரிச்சலே இல்லைப்பா" என்பாங்க. நாமும் "நல்லாயிடுச்சு டாக்டர்" என்று மொழிபெயர்ப்போம். நல்லாயிருக்கலாம். நரம்பு முழுசா செத்துப் போய் உணர்ச்சியே போயிருக்கவும் கூடும். செருப்பில் கல் குத்துவது தெரியாது, வெந்நீர் சுடுவது தெரியாது. புண் வந்து சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். காலை எடுக்கிற நிலைமைக்குப் பல பேர் வந்தது இந்த வழியில்தான். அதனால "எரிச்சல் போச்சா, இல்லை உணர்ச்சி போச்சா?" என்று கேளுங்க. பாதத்தில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்து ரெண்டு நிமிஷத்தில் சோதிப்பாங்க. கேட்டு வாங்கிக்குங்க. பல வருஷமா மெட்ஃபார்மின் சாப்பிடுறவங்க, முக்கியமா சைவக்காரங்க, பி12 அளவும் பார்க்கணும். அது குறைந்தாலும் இதே மாதிரி கால் மரக்கும், எரியும். அதுக்கு மருந்து சுலபம்.

"டாக்டருக்கு ஏதுங்க நேரம், இதையெல்லாம் கேட்க?" என்பீங்க. நியாயம்தான். வாசலில் அம்பது பேர் காத்திருக்காங்க. 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரைக்காரங்க. ஆனா, "ராத்திரி எரியுது, எறும்பு ஊறுது, துணி பட்டா தாங்கல" என்று சொல்ல பத்து செகண்டுதான் ஆகும். கேட்டதுமே டாக்டர் நிமிர்ந்து உட்காருவார்.

வார்த்தையும் தேட வேண்டாம். எரிச்சலுக்கு ஹிந்தியில் ஜலன், மரமரப்புக்கு சுன், ஊறுவதுக்கு ஜுன்ஜுனி. மராட்டியில் முங்க்யா யேதாத் என்பாங்க. நேர் அர்த்தம் என்ன தெரியுமா? எறும்பு வருது! அம்மா சொன்னதை அப்படியே சொன்னாலே போதும், இந்த ஊருக்குப் புரியும்.

என்னைக் கேட்டால், டாக்டரிடம் போவதற்கு முதல் நாள் ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து, அவங்க சொல்ற வார்த்தையிலேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கணும். எங்கே, எப்போ, எது மாதிரி. திருத்த வேண்டாம், "வயசானா அப்படித்தாம்மா" என்று குறுக்கே விழ வேண்டாம். மொழி தெரியாத ஊரில், நாலு சுவத்துக்குள்ளே, நம்மை நம்பி வந்து உட்கார்ந்திருக்காங்க. குடைச்சல், உளைச்சல், குத்தல், காந்தல், மதமதப்பு, விண்விண்ணு தெறிப்பு என்று வலிக்கு இத்தனை சொல் வைத்திருக்கிறவங்க அவங்க. அதைச் சிந்தாமல் கொண்டுபோய் சேர்க்கிறதுதான் நம்ம வேலை. உங்க ஊர்ப்பக்கம் வேற சொல் இருந்தா எனக்கும் சொல்லுங்க, சீட்டில் சேர்த்துக்கறேன்.