கம்பி கட்டுற கதை

ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிற ஆளுங்க நாலு பேர் சேர்ந்தா பேச்சு கடைசியில ஒரு கம்பியிலதான் வந்து நிக்குது. "பானட்டைத் திறந்து பாருங்க, ஸ்ட்ரட் பார் போட்டிருக்கேன். வளைவுல தண்டவாளத்துல ஓடுற மாதிரி ஓடுது"ம்பார் ஒருத்தர். "மேல மட்டும் போட்டா போதாது தல, அடியிலயும் பிரேஸ் போடணும்"ம்பார் இன்னொருத்தர். அப்புறம் போட்டோவோட ஒரு பதிவு வரும். "அட்டகாசம்", "செம ஃபீல்", "வண்டியே மாறிப் போச்சு". இதுவரை நான் படிச்ச இந்த மாதிரி பதிவுகள் ஒண்ணுல கூட ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்ததில்லை.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன், அப்புறம் சுத்தி வளைக்கிறான்னு சொல்லக்கூடாது பாருங்க. கடையில வாங்கி போல்ட் போட்டு மாட்டுற சேஸிஸ் பிரேஸ், ரோட்டுல ஓடுற பெரும்பாலான ஸ்போர்ட்ஸ் காரோட ஹேண்ட்லிங்கை முன்னேத்தாது. அது நெஜமாவே உதவுற இடங்கள் உண்டு, அதையும் மறைக்காம சொல்லப் போறேன். மத்தவங்களுக்கு அது டயருக்குப் போகவேண்டிய காசு.

முதல்ல முறுக்கு விறைப்புன்னா என்ன? (முறுக்குன்னதும் தீபாவளி ஞாபகம் வந்தா கம்பெனி பொறுப்பில்லை :-)) காரோட பின்பக்கத்தை அசையாம பிடிச்சுக்கிட்டு முன்பக்கத்தை ஒரு டிகிரி முறுக்க எவ்வளவு திருகுவிசை வேணும்? அதுதான் கணக்கு. டிகிரிக்கு இத்தனை நியூட்டன் மீட்டர்னு சொல்வாங்க. வீட்டுல செருப்பு வாங்கின அட்டைப்பெட்டி இருந்தா எடுங்க. மூடியோட ஒட்டி முறுக்கிப் பாருங்க, அசையாது. மூடியை எடுத்துட்டு முறுக்கினா துவண்டு போகும். கூரை இருக்கிற காருக்கும் கூரை இல்லாத காருக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இந்த விறைப்பு எதுக்கு வேணும்? வளைவுல போகும்போது வண்டியோட பாரம் உள்சக்கரத்துல இருந்து வெளிச்சக்கரத்துக்கு மாறுது. அதுல முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு ஸ்பிரிங்கையும் ஆன்ட்டி ரோல் பாரையும் வச்சு எஞ்சினியர் முடிவு பண்றார். வண்டி மூக்கால தள்ளுமா, வாலை ஆட்டுமாங்கிறது பெரும்பாலும் அதுலதான் இருக்கு. அந்தக் கணக்கு பலிக்கணும்னா நடுவுல இருக்கிற சேஸிஸ் கல்லு மாதிரி நிக்கணும். துவண்டுச்சுன்னா அதுவே அஞ்சாவது ஸ்பிரிங் ஆயிடும், அதுவும் டேம்பர் இல்லாத ஸ்பிரிங். இதுவரைக்கும் கம்பி வியாபாரி சொல்றது நூத்துக்கு நூறு சரி. இதுக்கு அடுத்த வரியிலதான் அவர் கம்பி கட்ட ஆரம்பிக்கிறார்.

ஒரு சின்ன கணக்கு போடுவோம். எண்கள் நான் வசதிக்காக எடுத்துக்கிட்டது, சூத்திரத்தையும் எளிமையாக்கியிருக்கேன், ஆனா போக்கு இதுதான். சஸ்பென்ஷனோட ரோல் விறைப்பு டிகிரிக்கு 1000, சேஸிஸ் விறைப்பு 10,000. இன்னிக்கு வர்ற மூடின கார்கள்ல சேஸிஸ் இதைவிட அதிகமாவே இருக்கும். ரெண்டும் ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கோத்த ஸ்பிரிங் மாதிரி. சேர்ந்து கிடைக்கிறது 909. இப்ப பிரேஸ் மாட்டுறோம். அது மொத்த சேஸிஸையும் 10 சதவீதம் விறைப்பாக்குதுன்னு தாராளமா ஒத்துக்குவோம். 11,000. மறுபடி கணக்கு போட்டா 917. கிடைச்ச லாபம் ஒரு சதவீதம் கூட இல்லை. கம்பியைத் தூக்கிப் போட்டுட்டு அதே 10 சதவீதத்தை ஆன்ட்டி ரோல் பார்ல கூட்டுங்க. 991 வரும். ஒன்பது சதவீதம்! சங்கிலியில எந்தக் கண்ணி மெலிஞ்சிருக்கோ அதைத்தானே கவனிக்கணும்? நம்மாளுங்க இருக்கிறதுலயே தடியான கண்ணியைத் தேடிப் பிடிச்சு பட்டி போடறாங்க.

அடுத்து, அந்த ஸ்ட்ரட் பார் என்ன வேலை செய்யுதுன்னு பாப்போம். ரெண்டு பக்க டவரையும் குறுக்கா இணைக்கிற ஒத்தைக் கம்பி. டவர்கள் ஒண்ணையொண்ணு நெருங்குறதையும் விலகுறதையும் அது தடுக்கும். ஆனா வளைவுல பக்கவாட்டு விசை ரெண்டு டவரையும் ஒரே பக்கமாத்தான் தள்ளுது. ரெண்டு பேர் கையைக் கோத்துக்கிட்டு ஒரே பக்கம் சாஞ்சா கோத்த கை என்ன பண்ணும்? பாரத்தைப் பங்கு போடும், சாயறதை நிறுத்தாது. நிறுத்தணும்னா முக்கோணமா பின்சுவரோட சேர்த்துக் கட்டணும். அதை விட்டுட்டு எஞ்சினைச் சுத்தி வில்லு மாதிரி வளைஞ்ச கம்பியை விக்கிறான். வளைஞ்ச கம்பியை அமுக்கினா இன்னும் வளையும். இதுக்கு எஞ்சினியரிங் படிச்சிருக்க வேணாம், கொடிக்கம்பி கட்டினவங்களுக்கே தெரியும்.

இதுவும் மக்ஃபெர்சன் ஸ்ட்ரட் இருக்கிற காருக்குத்தான். அங்க டவர் ஒரு பங்கு பக்கவாட்டு விசையையாவது சுமக்குது. மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை எடுத்துக்கோங்க. முதல் ரெண்டு தலைமுறையிலயும் முன்பக்கம் மேல் விஷ்போன், கீழ் விஷ்போன் ரெண்டுமே சப்ஃபிரேம்ல மாட்டியிருக்கு. சக்கரத்தோட கோணத்தை நிர்ணயிக்கிறது அந்த சப்ஃபிரேம்தான். மேல இருக்கிற டவருக்கு வர்றது ஸ்பிரிங், டேம்பரோட பாரம், அதுவும் பெரும்பாலும் மேல்நோக்கி. அந்தக் காருக்குப் போய் பளபளன்னு ஸ்ட்ரட் பார் மாட்டிட்டு "கேம்பர் மாறாம நிக்குது"ன்னு எழுதினா என்னத்தைச் சொல்ல? பானட்டைத் திறந்தா அழகா இருக்கு, அதுக்காக மாட்டினேன்னு சொல்லுங்க, வாயை மூடிக்கிறேன்.

இப்ப வழக்கமா வர்ற மூணு வாதங்கள்.

1) "கம்பெனிக்காரனே போடறானே?"

போடறான். 1989ல அறிமுகமான எம்எக்ஸ்-5க்கு 1993ல 1.8 லிட்டர் எஞ்சின் வந்தப்ப மாஸ்டாவே சீட்டுக்குப் பின்னால குறுக்குச் சட்டமும் அடியில பிரேஸ்களும் சேர்த்துச்சு. பழைய 1.6 கார் வச்சிருக்கிறவங்க அந்த அசல் சட்டங்களை வாங்கி மாட்டினா நான் குறை சொல்ல மாட்டேன். அது கூரை இல்லாத வண்டி, மெலிஞ்ச கண்ணி அங்க சேஸிஸ்தான். எங்க துவளுதுன்னு அளந்து பார்த்து, அந்த இடத்துக்குன்னு செஞ்ச சட்டம் அது. எல்லா மாடலுக்கும் ஒரே அச்சுல வார்த்து, பெயின்ட் நிறத்தை மட்டும் மாத்தி விக்கிற கம்பியோட அதை எப்படி ஒப்பிடுவீங்க?

நெஜமா விறைப்பு வேணும்னு நினைக்கிறவன் கம்பியை நம்பி உக்காந்திருக்கல. 1999ல ஹோண்டா எஸ்2000 செஞ்சப்ப கூரை இருக்காதுன்னு தெரிஞ்சே தரைச் சட்டகத்தை எக்ஸ் வடிவத்துல அமைச்சாங்க. 1996ல வந்த லோட்டஸ் எலீஸோட அலுமினிய சேஸிஸ் வெறும் 68 கிலோ. அந்த விறைப்பு பக்கவாட்டுல இருக்கிற ஆழமான பெட்டிச் சட்டத்துல இருந்து வருது. அதனாலதான் அந்த வண்டியில ஏறி இறங்குறது யோகாசனம் மாதிரி இருக்கும். 2021ல அறிமுகமான ஜிஆர் 86ல, முந்தின மாடலைவிட முறுக்கு விறைப்பைச் சுமார் 50 சதவீதம் கூட்டினதா டொயோட்டா சொல்லுச்சு. சட்டங்களை இணைக்கிற விதம், கட்டமைப்புப் பசைன்னு மொத்த பாடியையும் மாத்தித்தான் அது வந்தது. விறைப்புங்கிறது வடிவத்துல இருக்கு, அப்புறமா மாட்டுற நகையில இல்லை.

2) "ரேஸ் கார்ல இருக்கே?"

ரேஸ் கார்ல இருக்கிறது பற்றவைச்ச ரோல் கேஜ். முன் டவர்ல இருந்து பின் டவர் வரைக்கும் முக்கோணம் முக்கோணமா போற கூண்டு. அதோட அந்த வண்டிகள்ல ஸ்பிரிங் பல மடங்கு கெட்டி. மேல போட்ட கணக்குல சஸ்பென்ஷனை 1000த்துக்குப் பதிலா 3000ன்னு மாத்துங்க. அதே 10 சதவீத சேஸிஸ் முன்னேற்றம் இப்ப ரெண்டு சதவீதத்துக்கு மேல தரும். ஸ்பிரிங் கெட்டியாக ஆக சேஸிஸ் மெலிஞ்ச கண்ணியாகுது. டிராக்குக்குன்னே வண்டியை மாத்துறவங்க பிரேஸைப் பத்தி யோசிக்கிறது நியாயம். ஆஃபீஸுக்கும் வாராந்திர மலைப்பாதைக்கும் போற வண்டிக்கு அந்த நியாயம் பொருந்தாது.

விறைப்பு கூடக்கூட நல்லதுங்கிறதும் பொதுவிதி இல்லை. கோ-கார்ட்டுக்கு சஸ்பென்ஷனே கிடையாது, அதோட சட்டகம் துவளணும்னே செய்யறாங்க. சரியா துவண்டு உள்பக்கப் பின்சக்கரத்தைத் தூக்கினாத்தான் அது வளைவுல ஒழுங்கா திரும்பும். ரேஸ் பைக்லயும் ஃபிரேம் பக்கவாட்டுல எவ்வளவு நெகிழணும்னு கணக்குப் பண்ணித்தான் செய்யறாங்க. ஏன்னா பைக் படுத்துக் கிடக்கும்போது மேடு பள்ளத்தை ஃபோர்க் மட்டும் தாங்க முடியாது. கயித்துக் கட்டிலை மேடுபள்ளமான வாசல்ல போட்டுப் பாருங்க. தளர்ந்த கட்டில் நாலு காலையும் ஊணி நிக்கும், இறுக்கின கட்டில் ஒரு காலைத் தூக்கிக்கிட்டு ஆடும்.

3) "எனக்குத் தெரியுதே சார்!"

தெரியலாம். இல்லைன்னு சொல்லல. கூரை திறக்குற கார்ல பள்ளத்துல இறங்கினா டேஷ்போர்டும் கண்ணாடிச் சட்டமும் உதறும். நல்ல பிரேஸ் அந்த உதறலைக் குறைக்கும், ஸ்டீரிங்கும் கையில கெட்டியா தெரியும். அது சுகம், அதுக்குக் காசு கொடுக்கலாம். ஆனா சுகம் வேற, பிடிமானம் வேற. புதுச் செருப்பு போட்டுக்கிட்டு நடந்தா நடையே வேகமான மாதிரிதான் இருக்கும். பஸ் ஸ்டாப் கிட்டத்துல வந்துடாது.

அதோட கம்பி மாட்டுற அன்னிக்கு வேற என்னென்ன நடக்குதுன்னு பாருங்க. வண்டியை ஜாக்கில ஏத்தியிருப்பீங்க, பழைய போல்ட்டெல்லாம் இறுக்கியிருப்பீங்க, "அப்படியே அலைன்மென்ட்டும் பாத்துடுப்பா"ன்னு சொல்லியிருப்பீங்க. டோ கொஞ்சம் மாறினாலே ஸ்டீரிங் குணம் மாறும். பேர் மட்டும் கம்பிக்கு!

ஆக, நம்ப வைக்கணும்னா ஒரு வழி இருக்கு. டயர் காத்து, பெட்ரோல் அளவு, அலைன்மென்ட் எல்லாம் ஒரே மாதிரி வச்சுக்கோங்க. மூடின டிராக்லயோ காலி மைதானத்துலயோ ஒரே வட்டம். பானட்டுக்குள்ள கம்பி இருக்கா இல்லையான்னு ஓட்டுறவருக்குத் தெரியக்கூடாது, நண்பர் ஒருத்தர் மாத்தி மாத்தி மாட்டட்டும், கழட்டட்டும். பத்து தடவை ஓடி நேரத்தைக் குறிங்க. "இப்ப கம்பி இருக்கு, இப்ப இல்லை"ன்னு பத்துல ஒன்பது தடவை சரியாச் சொல்லி, நேரமும் குறைஞ்சிருந்தா அந்தப் பதிவுக்கு முதல் பின்னூட்டம் என்னுது. பாராட்டித்தான்.

இதுக்கு ஏன் இவ்வளவு கோவம்னு கேப்பீங்க. தேய்ஞ்சு வழுவழுன்னு ஆன டயர், எண்ணெய் கசியற டேம்பர், வெடிச்சுப் போன ரப்பர் புஷ், இது மூணையும் வச்சுக்கிட்டு மேல கம்பி மாட்டி ஓட்டுறாங்க. கம்பி மாட்டினதால வண்டி பத்திரமா வளையும்னு ஒரு நம்பிக்கை வந்துடுது, அந்த நம்பிக்கையில மழை நாள்ல பத்து கிலோமீட்டர் வேகம் கூடிடுது. ரோட்டைத் தொடுறது நாலு உள்ளங்கை அளவு ரப்பர்தான். மேல என்ன மாட்டினாலும் எல்லாம் அது வழியாத்தான் போகணும்.

காசு இருக்கா? முதல்ல டயர். அடுத்து புஷ், டேம்பர், அலைன்மென்ட். அப்புறம் ஆன்ட்டி ரோல் பார். அதுக்கும் மேல மிச்சம் இருந்தா, வண்டியும் கூரை இல்லாத வண்டியா இருந்தா, அடியில போடற பிரேஸைப் பாருங்க. பளபளக்கிற ஸ்ட்ரட் பார் அந்தப் பட்டியல்ல கடைசியில, சாவிக்கொத்துக்குப் பக்கத்துல.

பி.கு: கம்பி மாட்டின நண்பர்கள் திட்டுறதுன்னா தாராளமா பின்னூட்டத்துல திட்டலாம். கூடவே டயர்ல எத்தனை மில்லிமீட்டர் பட்டன் மிச்சம் இருக்குன்னு ஒரு வரி எழுதிட்டுப் போங்க :-)