ஆயிரம் பங்காளி, ஒரு திமிங்கிலம்

நம் ஊர்ப் பேப்பர்களில் அடிக்கடி ஒரு செய்தி வரும். 'பல கோடி மதிப்புள்ள திமிங்கில உமிழ்நீர் பறிமுதல். நாலு பேர் கைது.' போட்டோவில் மேஜை மேல் கருங்கல் மாதிரி ஏதோ கிடக்கும். பின்னால் நாலு பேர் தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். உண்மையில் அது உமிழ்நீரே இல்லை. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் குடலில் சேருகிற மெழுகு மாதிரி ஒரு சமாசாரம். அம்பர்கிரிஸ் என்று பெயர். சென்ட் தயாரிப்பவர்கள் காலங்காலமாக அதற்கு அலைந்திருக்கிறார்கள். இந்தியாவில் அதை வைத்திருந்தாலே 1972-ம் வருஷத்து வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

அதே திமிங்கிலத்துக்கு இன்னொரு ஊரில் வேறு விலை. உலர்ந்த இறைச்சி ஒரு துண்டு கொடுத்தால் 12 சோளக்கதிர் கிடைக்கும். சோளம் வேண்டாம் என்றால் 12 வாழைப்பழம். கோடி கிடையாது. சில்லறை கூடக் கிடையாது.

அந்த ஊருக்குப் பெயர் லமலேரா. இந்தோனேசியாவில் தீவுகள் சுமார் 17,000. மேப்பை எடுத்து ஜாவாவிலிருந்து கிழக்கே விரலை நகர்த்துங்கள். பாலி, லொம்போக், சும்பாவா, ஃப்ளோரஸ் என்று ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வரும். ஃப்ளோரஸைத் தாண்டியதும் சின்னச் சின்னதாகச் சில துணுக்குகள். அதில் ஒன்று லெம்பாட்டா. அதன் தென்கரையில், ஓர் எரிமலையின் காலடியில், பாறை மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது லமலேரா. ஜனத்தொகை சுமார் 2,000. மண் அப்படியொன்றும் விளைச்சல் மண் இல்லை. தீவின் தலைநகர் லெவோலெபாவிலிருந்து மலை ரோட்டில் லாரியில் குலுங்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் எலும்புகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று போய் வந்தவர்கள் எழுதுகிறார்கள்.

நான் போனதில்லை. ராபர்ட் பார்ன்ஸ் என்கிற மானிடவியல்காரர் 1996-ல் எழுதிய தடிமனான புத்தகமும், டக் பாக் கிளார்க் என்கிற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2019-ல் எழுதிய புத்தகமும்தான் எனக்கு டிக்கெட். பாதிப் புத்தகத்தில் இருந்தபோது பக்கத்து வீட்டு நண்பர் எட்டிப் பார்த்து, "என்ன ஸார், கடல் கதையா?" என்றார். "இல்லை, பங்காளிக் கதை" என்றேன். ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்தோனேசிய மொழியில் கப்பலுக்கு 'காப்பல்'. நம்ம கப்பலேதான். பெட்டி அங்கே 'பெத்தி'. கடை, 'கெடாய்'. எந்தக் காலத்து வியாபாரியோ சரக்கோடு சேர்த்து வார்த்தைகளையும் இறக்கிவிட்டு வந்திருக்கிறான். ஆனால் லமலேராக்காரர்கள் திமிங்கிலம் பிடிக்கப் போவது காப்பலில் அல்ல. 'தேனா' என்ற மரப்படகில். பத்துப் பதினோரு மீட்டர் நீளம். உடம்பில் ஓர் இரும்பு ஆணி கிடையாது, எல்லாம் மர ஆணிதான். பிளான், வரைபடம் எதுவும் இல்லை. அப்பா செய்ததைப் பார்த்துப் பிள்ளை செய்கிறான். பாய், பனை ஜாதி மரத்தின் ஓலையில் பின்னியது.

படகின் மூக்கில் மூங்கிலால் ஒரு சின்ன மேடை நீட்டிக்கொண்டிருக்கும். அதில் நிற்கிறவர் 'லமாஃபா', அதாவது ஈட்டிக்காரர். நாமாக இருந்தால் பத்திரமாக நின்ற இடத்திலிருந்து எறிவோம். அவர் எறிவதில்லை. நீண்ட மூங்கிலில் செருகிய ஈட்டியோடு தானும் பாய்கிறார், திமிங்கிலத்தின் முதுகு மேல். உடம்பின் மொத்த எடையும் சேர்ந்தால்தான் அந்தத் தோலில் ஈட்டி இறங்கும். பிறகு தண்ணீரில் நீந்திப் படகுக்குத் திரும்ப வேண்டும். பக்கத்தில் 40 டன் கோபத்தில் இருக்கும்போது!

கோபம் சில சமயம் கணக்கைத் தீர்த்துவிடும். 1994 மார்ச்சில் சில படகுகளை ஒரு திமிங்கிலம் ஆழ்கடலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. படகுகள் போயின. நாள் கணக்கில் தண்ணீரும் சோறும் இல்லாமல் மிதந்த மனிதர்களைக் கடைசியில் காப்பாற்றியது, அந்தப் பக்கம் போன ஓர் உல்லாசக் கப்பல். ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் 30-ம் தேதி, கடலில் போனவர்களுக்காகக் கரையில் ஜெபம் நடக்கும். மறுநாள் மே முதல் தேதி, பூசை வைத்துப் படகுகளை ஆசீர்வதித்து சீசனைத் தொடங்குவார்கள். அக்டோபர் வரை வேட்டைக் காலம்.

ஐதீகங்களும் உண்டு. நீலத் திமிங்கிலத்தைத் தொடமாட்டார்கள். முன்னோர்களை முதுகில் சுமந்து கரை சேர்த்தது அதுதானாம். இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. வீட்டில் சண்டை போட்டுவிட்டுக் கடலுக்குப் போனால் ஈட்டி குறி தப்பும். ஈட்டி தவறினால் ஊர் முதலில் விசாரிப்பது, வீட்டில் என்ன தகராறு என்று! இந்த விதியை நம் ஆபீஸ்களுக்கும் கொண்டு வந்தால் திங்கட்கிழமை ஒருத்தருக்கும் வேலை ஓடாது.

சரி, பங்காளிகளுக்கு வருவோம்.

நம் பக்கம் பங்காளி என்றாலே வரப்புத் தகராறு, கோர்ட், வாய்தா. ரெண்டு செண்ட் நிலத்துக்கு மூணு தலைமுறை முகம் பார்ப்பதில்லை. லமலேராவில் ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கினால் அதற்கு ஊரெல்லாம் பங்காளி. ஈட்டி பாய்ச்சியவருக்கு இந்த இடம். துடுப்புப் போட்டவர்களுக்கு இந்த இடம். படகு கட்டிய தச்சருக்கு ஒரு பங்கு. ஈட்டி அடித்துக் கொடுத்த கொல்லருக்கு, பாய் பின்னியவருக்கு, படகுக்குச் சொந்தமான குலத்தாருக்கு, அந்த மண்ணின் ஆதி உரிமைக்காரர்கள் என்று ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு என்று எல்லாம் வரையறுத்து வைத்திருக்கிறார்கள். கத்தி எந்த இடத்தில் இறங்க வேண்டும் என்பது பெரியவர்களுக்கு மனப்பாடம். எழுதி வைத்த பட்டா ஒன்றும் இல்லை.

பங்கு கிடைத்தவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்துவதில்லை. படகில் ஆள் இல்லாத வீட்டுக்கு, விதவைக்கு, வயசானவர்களுக்கு அவரவர் பங்கிலிருந்து போய்விடும். இது தர்மம் செய்கிற கணக்கில் வராது, முறை. இதைப் படித்துச் சொன்னபோது என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அப்ப அந்த ஊர்ல அன்னிக்கு யார் வீட்லயும் அடுப்பு எரியாம இருக்காதா?" இருக்காது. ஆயிரம் பக்கம் எழுதிய அறிஞர்கள் சுற்றிச் சுற்றி வருவதும் அந்த இடத்துக்குத்தான்.

மிச்சம் உலர்த்தப்படும். பெண்கள் அதைத் தலையில் சுமந்துகொண்டு மலைக் கிராமங்களுக்கு நடப்பார்கள். கடல்காரர்களிடம் சோளம் இல்லை, மலைக்காரர்களிடம் மீன் இல்லை. பக்கத்தில் வுலண்டோனி என்ற இடத்தில் சனிக்கிழமை பண்டமாற்றுச் சந்தை. எல்லாரும் கடை பரப்பிக் காத்திருப்பார்கள். சந்தைக்காரர் விசில் ஊதினதும் மாற்றல் ஆரம்பம். அந்தக் கதிர்களும் பழங்களும்தான் மழைக்காலத்துச் சாப்பாடு.

இப்படி இருக்கிற ஊரைச் சும்மா விடுவார்களா?

முதலில் வந்தது ஐ.நா.வின் உணவு, விவசாய நிறுவனம். 1973-ல் ஒரு நவீனக் கப்பலையும் நார்வேயிலிருந்து ஒரு திமிங்கில நிபுணரையும் அனுப்பியது. 'பாவம், ஓலைப் பாயை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள், நிறையப் பிடிக்கக் கற்றுக்கொடுப்போம்' என்ற நல்ல எண்ணம். மூன்று வருஷம் பார்த்தார்கள். சரிப்படவில்லை. அந்த ஊருக்கு அவர்கள் முறையே பொருத்தம் என்கிற ரீதியில் அறிக்கை எழுதிவிட்டுத் திரும்பினார்கள்.

அடுத்து வந்தவர்கள் நேர் எதிர்க் கட்சி. 'பிடிக்கவே பிடிக்காதீர்கள்.' 2009-ல் சாவு கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்க ஏற்பாடானபோது லமலேரா கொதித்து எழுந்தது. கடைசியில் அவர்கள் வேட்டையாடும் கடலை விட்டுவிட்டுத்தான் எல்லை போட்டார்கள். 36 வருஷத்துக்குள் 'நிறையப் பிடி'யிலிருந்து 'பிடிக்காதே'க்கு உலகம் மாறிவிட்டது. நடுவில் லமலேராதான் மாறாமல் இருந்தது.

பக்கத்து வீட்டு நண்பர், "பாவமில்லையா ஸார், திமிங்கிலம்?" என்றார். பாவம்தான். ஸ்பெர்ம் திமிங்கிலம் ஆபத்துக்குள்ளாகக்கூடிய இனம் என்று பட்டியலில் இருக்கிறது. ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். லமலேராவில் வருஷத்துக்குச் சராசரியாகச் சுமார் 20. ஒன்றும் கிடைக்காமல் கடலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த வருஷங்களும் உண்டு. 1960-களில் பெரிய தேசங்கள் இரும்புக் கப்பலும் பீரங்கியும் வைத்து வருஷத்துக்கு 20,000-க்கு மேல் கொன்றன. எண்ணெய்க்காக, மெஷினுக்கு மசகு போட. கடலைக் காலி பண்ணியவர் ஒருத்தர், பாவக்கணக்குக் கேட்கப்படுகிறவர் வேறொருத்தர். உலகத்தில் இது புதுசா என்ன?

இனிமேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். லமலேராவின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போவது திமிங்கிலம் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பள்ளிக்கூடமும் மோட்டாரும்தான்.

1920-ல் பெர்னார்ட் போடே என்ற ஜெர்மன் பாதிரியார் அங்கே போய்ச் சேர்ந்தார். சர்ச் வேரூன்றியது, படிப்பும் வந்தது. பாதிரியார்களும் வாத்தியார்களுமாகப் பிள்ளைகள் வெளியே போக ஆரம்பித்தார்கள். திமிங்கிலம்தான் எங்களைப் படிக்க வைத்தது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்களாம். பெருமைக்குக் காரணமும் இருக்கிறது. இந்தோனேசிய மாணவர்கள் பல காலம் உருப்போட்ட இலக்கணப் புத்தகத்தை எழுதிய மொழியியல் அறிஞர் கோரிஸ் கெராஃப், லமலேராவில் 1936-ல் பிறந்தவர். அதே ஊரில் பிறந்த இன்னொரு கெராஃப், சோனி கெராஃப், தத்துவம் படித்தார். 1999 முதல் 2001 வரை அந்த நாட்டுக்கு மந்திரியாகவும் இருந்தார். என்ன இலாகா தெரியுமா? சுற்றுச்சூழல்! திமிங்கிலம் பிடிக்கிற ஊர், தேசத்துக்குச் சுற்றுச்சூழல் மந்திரியைக் கொடுத்திருக்கிறது.

ஆனால் பாருங்கள், படித்த பிள்ளை படகுக்குத் திரும்புவதில்லை. இலக்கணமும் தத்துவமும் கற்றவர் மூங்கில் மேடையில் போய் நிற்பாரா? படிப்பு எட்டாதவர்களுக்கு மலேசியாத் தோட்டங்கள் இருக்கின்றன. அந்த மாகாணத்திலிருந்து அப்படிப் போகிறவர்கள் ஏராளம். லமாஃபா ஆவதற்குச் சின்ன வயசிலிருந்து படகில் கிடக்க வேண்டும். பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும் என்று அனுப்பி வைத்த ஊர், அனுப்பியதாலேயே ஆளில்லாமல் தேய்கிறது. இந்தச் சங்கடம் புரிவதற்கு நாம் இந்தோனேசியாவுக்குப் போக வேண்டியதில்லை.

அடுத்தது மோட்டார். அவுட்போர்டு மோட்டார் வைத்த படகுக்கு அங்கே 'ஜோன்சன்' என்றே பெயர், கம்பெனி பெயரை வைத்து. இப்போது திமிங்கிலம் தெரிந்தால் ஜோன்சன்கள்தான் தேனாக்களை இழுத்துக்கொண்டு போகின்றன. பக்கத்தில் போனதும் அவிழ்த்துவிட, தேனா துடுப்புப் போட்டு நெருங்கும். பழசுக்கும் புதுசுக்கும் ஒரு சமரசம். வருஷத்தில் மற்ற நாளெல்லாம் ஜோன்சன் வலை போடுகிறது. வலையில் வரும் மீன் சின்னது. நாலு பேர் பிரித்துக்கொள்ளலாம். காசாக்கிப் பையில் போட்டுக்கொள்ளலாம். தச்சருக்கும் கொல்லருக்கும் பாய் பின்னியவருக்கும் அதில் என்ன பங்கு? கோடி வீட்டுக் கிழவிக்கு?

திமிங்கிலத்தை யாராலும் தனியாகத் தின்ன முடியாது. பூட்டி வைக்க முடியாது. நாளைக்குள் நாறிவிடும். பகிர்ந்துகொண்டே ஆக வேண்டிய அளவில் ஆண்டவன் அதைப் படைத்துவிட்டான். காசு அப்படியில்லை. மடித்தால் மடியும். இடுப்பில் செருகினால் வெளியே தெரியாது. லமலேராவில் தொலைந்துபோகக்கூடியது வேட்டை என்று வெளியாட்கள் கவலைப்படுகிறார்கள். எனக்குக் கவலை அந்தக் கிழவியின் அடுப்புதான்.

இப்போது அங்கே ஒரு புதுத் திமிங்கிலம் வந்திருக்கிறது. 2014-ல் இந்தோனேசியா ஒரு கிராமச் சட்டம் போட்டு, 2015 முதல் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஜகார்த்தாவிலிருந்து வருஷாவருஷம் நேராகப் பணம் ஒதுக்குகிறது. இது தவிர, படகில் கூடவே வந்து வேடிக்கை பார்க்கிற டூரிஸ்ட்டுகளின் காசு. திமிங்கிலத்தைக் கொல்லாமல் காட்டியே பிழைக்கலாமே என்று யோசனை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வழி இல்லாமல் இல்லை. ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வரட்டும். பிள்ளைகள் ஈட்டியை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடிப்பது அவர்கள் இஷ்டம். நாம் புத்தகத்தில் படித்து ரசிப்பதற்காக அவர்கள் முதுகில் பாய்ந்துகொண்டே இருக்க வேண்டும் என்று கேட்க நமக்கு உரிமை கிடையாது.

ஒரே ஒரு விண்ணப்பம். வருகிற பணம் எதுவானாலும், அதை ஆபீஸ் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு பிரிக்காமல், திமிங்கிலத்தை வெட்டுகிற அதே கடற்கரையில், அதே பெரியவர்கள் முன்னிலையில், ஊர் பார்க்கப் பிரித்தால் தேவலை. 1624-லேயே ஒரு போர்ச்சுகீசியக் குறிப்பில் அந்தப் பக்கத்துத் திமிங்கில வேட்டை பதிவாகியிருக்கிறது. இத்தனை காலமாகப் பங்கு போட்டவர்களுக்கு ஒரு ஆடிட்டர் தேவைப்படவில்லை.