நேசமணியும் முக்காலியும்



கன்னியாகுமரிக்குப் பக்கத்திலுள்ள வட்டக்கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் கடலைப் பார்த்துக் காற்று வாங்கிவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். பெயர்தான் வட்டக்கோட்டை, போய்ப் பார்த்தால் அது நாற்கோணமாய் நிற்கிறது! பெயர் ஒன்று, பொருள் வேறு என்பது நம் நாட்டில் கோட்டைக்கு மட்டுந்தானா? அது கிடக்கட்டும். 18-வது நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மா, தன்னிடம் சிறைப்பட்ட டிலனாய் என்னும் டச்சுக் கம்பெனித் தளபதியைக் கொண்டே பலப்படுத்திய கோட்டை இது. திருவிதாங்கூர் ராஜ்யத்தின் கிழக்கு எல்லைக் காவல் இங்கிருந்துதான் ஆரல்வாய்மொழி மலைவரை போயிற்று. எல்லைக்கு இப்பாலும் தமிழர், அப்பாலும் தமிழர். இப்பால் இருந்தவர்கள் மாத்திரம் மகாராஜாவின் பிரஜைகள்.

அந்த எல்லை 1956 நவம்பர் 1-ந் தேதி அழிந்தது. அதற்காகப் பாடுபட்டவர்களில் முதல்வர், விளவங்கோடு தாலூகா பள்ளியாடியில் 1895-ல் பிறந்த வக்கீல் நேசமணி. “மார்ஷல்” என்று ஜனங்கள் அவருக்குப் பட்டம் கொடுத்தார்கள். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் மொழிக்காகப் போராடினார், தாய்த் தமிழகத்தோடு சேர்த்தார் என்று சொல்லி மாலை போட்டுவிட்டு இறங்கி விடுகிறார்கள். இது பாதிக் கதை என்பதே நமது அபிப்பிராயம்.

மீதிக் கதை நாகர்கோவில் கோர்ட்டில் இருக்கிறது. நேசமணி வக்கீலாக நுழைந்த காலத்தில் அங்கே வக்கீல்கள் உட்காரும் அறையில் மேல்ஜாதி வக்கீலுக்கு நாற்காலி, கீழ்ஜாதி என்று சொல்லப்பட்டவருக்கு முக்காலி! குடிக்கும் தண்ணீருக்கும் தனித்தனிப் பானை! இருவரும் படித்தது ஒரே சட்டம், போட்டது ஒரே கறுப்பு அங்கி, வாதாடியதும் ஒரே ஜட்ஜின் முன்தான். உட்காரும்போது மாத்திரம் ஒரு கால் குறைந்துவிடும். நாடார் வகுப்பில் பிறந்த நேசமணி, முக்காலிகளை எடுத்து எறிந்துவிட்டு நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்தார் என்று நாஞ்சில் நாட்டில் இன்றும் சொல்லுகிறார்கள். மனுக் கொடுத்தாரா? கமிட்டி கூட்டினாரா? இல்லை, உட்கார்ந்தார்! அவ்வளவுதான்.

இந்தச் சமஸ்தானத்தில் பெண்கள் மேலாடை போடுவதற்கே வருஷக்கணக்காக அடிபட்டு, 1859-ல்தான் அனுமதி கிடைத்தது. கோவில் தெருவில் நடக்க 1924-ல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் வேண்டியிருந்தது. கோவிலுக்குள் நுழைய 1936-ல்தான் மகாராஜா உத்தரவு போட்டார். இப்படிப்பட்ட இடத்தில் “நாங்கள் தமிழர், எங்களைத் தமிழ் நாட்டோடு விடு” என்று ஒரு குடியானவன் கேட்டால், அவன் கேட்டது இலக்கணத்திற்காகவா? தன்னைக் குனிய வைத்த நிலக்காரனும் அதிகாரியும் இல்லாத இடம் ஒன்று வேண்டும் என்றும் சேர்த்துத்தான் கேட்டான். ஆகவேதான் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு ஏழை ஜனங்கள் அப்படித் திரண்டார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த பதில் குண்டு. 1954 ஆகஸ்டு 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டதில் பலர் மாண்டார்கள். அப்போது முதல் மந்திரி பட்டம் தாணு பிள்ளை, அதாவது சோஷலிஸ்டு! அவருடைய கட்சியின் பொதுக்காரியதரிசியான ராம் மனோகர் லோகியாவே “ராஜிநாமாச் செய்” என்றார். சொந்தக் கட்சி சர்க்காரைப் பார்த்து இப்படிச் சொன்னவர்கள் நம் தேசத்தில் எத்தனை பேர்? பட்டம் விலகவில்லை. கட்சியை விட்டு வெளியேறியது கடைசியில் லோகியாதான்.

பிறகு பசல் அலி கமிஷனின் அறிக்கை வந்தது. அகஸ்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலூகாக்கள் சேர்ந்து கன்னியாகுமரி ஜில்லாவாயின. செங்கோட்டைப் பக்கம் திருநெல்வேலியோடு சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை, நெய்யாற்றின்கரையும் கிடைக்கவில்லை. நேசமணி பார்லிமெண்டு மெம்பராக இருக்கும்போதே 1968 ஜூன் 1-ல் காலமானார். அந்த ஸ்தானத்துக்கு 1969-ல் நடந்த தேர்தலில்தான் காமராஜர் நாகர்கோவிலில் நின்று ஜெயித்தார்.

நிற்க. எல்லை மாறியதால் ஜாதி மாறிற்றா என்று கேட்க வேண்டும். நேசமணி பெயரால் அந்த ஜில்லாவில் ஒரு போக்குவரத்துக் கழகம் இருந்தது. வட்டக்கோட்டைப் பக்கத்து ஜனங்களும் அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில்தான் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போனார்கள். 1997-ல் தென் ஜில்லாக்களில் வேறொரு போக்குவரத்துக் கழகத்துக்கு, தாழ்த்தப்பட்டோர் போற்றும் வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சர்க்கார் வைத்தது. அந்தப் பெயருள்ள பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று மேல்ஜாதித் தமிழர்கள் சிலர் கிளம்பினார்கள். கலவரம் மூண்டது. சர்க்கார் என்ன செய்தது? ஏற மாட்டேன் என்றவனை, “நடந்து போ” என்று விட்டதா? எல்லாத் தலைவர்கள் பெயரையும் எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது!

முக்காலியைத் தூக்கி எறிந்தவரின் பெயர், இன்னொருவன் தன் பக்கத்தில் சமமாக உட்காருவதைச் சகிக்காதவர்களுக்குப் பயந்து பஸ்ஸிலிருந்து அழிக்கப்பட்டது. இதைச் செய்தவர்கள் மலையாளிகள் அல்ல, தோழர்களே. திவானும் அல்ல.