வேட்டங்குடியில் ஒரு ஹாரன்

பிள்ளைகளே, உறவுகளே, திருப்பத்தூர் போகும் வழியில் (நம் சிவகங்கைத் திருப்பத்தூர்தான்) வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தில் வண்டியை நிறுத்தினோம். கண்மாய்க் கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரைகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. அவை பறந்தால் படம் நன்றாக வருமென்று ஒருவர் விடாமல் ஹாரன் அடித்தார். யாரென்று எழுதவில்லை, இதைப் படிப்பார்.

தாய் எழுந்து போனால் முட்டையைக் காகம் தூக்கிவிடும். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் இந்தப் பறவைகளுக்காகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை, பல வருடங்களாக. வெடி கேட்டு அழும் வயதுப் பிள்ளைகளுள்ள ஊர்தானே அதுவும்! நமக்கோ ஐந்து நிமிடம் கை சும்மா இருக்காது. பறக்கிற படம்தான் வேண்டுமா? சாயங்காலம்வரை இருங்கள், இரை தேடப் போனவை தானாகத் திரும்பும்.

வகுப்பில் "சத்தம் போடாதே" என்று உங்களையெல்லாம் அதட்டியவன், அன்று உறவாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன்.