வேனுக்குள்ளே யார்?

"சார், நாளைக்கு நான் வரும்."

கேரளத்தின் மறையூர்ப் பக்கம் தமிழ் ஆசிரியராக இருந்த காலத்தில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேனோ! சொல்லும் பிள்ளையின் வீட்டில் தமிழ்தான். ஆனால் கடைத்தெருவிலும் விளையாட்டிலும் மலையாளம். அந்த மொழியில் நானும் 'வரும்', அவனும் 'வரும்', அவளும் 'வரும்'. அங்கே அது பிழையல்ல. ஆளை முன்னாலேயே சொல்லிவிடுவதால் வினைக்கு விகுதி வேண்டியதில்லை. பழைய மலையாளக் காவியமான 'ராமசரிதம்' எழுந்த காலத்தில் இருந்த விகுதிகள் பிறகு உதிர்ந்துவிட்டன.

சிவப்பு மையில் சுழித்துச் சுழித்து அலுத்துப்போய், ஒருநாள் மேசையைத் தட்டச் சொன்னேன். அசைக்கு ஒரு தட்டு. 'வரும்': ஒரே தட்டு, நிரையசை. 'வருவேன்': வரு, வேன். இரண்டு தட்டு, நிரை நேர், புளிமா.

"ரெண்டாவது தட்டுல என்ன இருக்கு?"

"வேன், சார்!" வகுப்பே சிரித்தது.

"சரி, வேனுக்குள்ள யாரு?"

கொஞ்சம் அமைதி. பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "நான்!"

அன்றைக்கு வாய்பாடும் தானாக வந்தது. வந்தேன், தேமா. வருகிறேன், கருவிளம். காலம் மாற வாய்பாடும் மாறியது. ஆனாலும் அசையே எல்லாவற்றையும் காட்டிவிடாது. 'துன்பப்படுகிறான்' என்பதில் வரும் 'படுகிறான்', பாயில் 'படுக்கிறான்' இரண்டும் கருவிளம்தான். பிரித்துக் காட்டுவது ஒரு 'க்'.

பழைய மாணவி ஒருத்தி வேலைக்காக இத்தாலிய மொழி படிக்கிறாள். "சார், 'பார்லோ'ன்னு முதல் அசையை அழுத்தினா 'பேசுறேன்', கடைசியை அழுத்தினா 'பேசினான்'. எழுத்துல கடைசி ஓ மேல ஒரு சாய்கோடுதான் வித்தியாசம்" என்றாள் போனில். அங்கும் ஆள் வினைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். மேசை தட்டிய காதுக்கு அது சுலபமாகப் பிடிபட்டிருக்கிறது.

நாமோ அசையைக் குறளை அலகிடும் மதிப்பெண் வினாவுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். சித்தூர், தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தமிழ் வகுப்புகளில் அதை ஐந்தாம் வகுப்பிலேயே வினைச்சொல்லோடு சேர்த்துக் கையால் கற்பிக்க வேண்டும். கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் 2017இல் வந்தது. வாழும் மாநிலத்தின் மொழி. பிள்ளைகள் நன்றாகவே படிக்கட்டும். இரண்டு மொழியும் எந்த இடத்தில் பிரிகின்றன என்று காதுக்குத் தெரிந்தால் போதும்.

அந்தப் பின்வரிசைப் பையன் அடுத்த வாரம் விடுப்புக் கடிதம் கொடுத்தான். 'திங்கட்கிழமை வருவேன்.' கடைசி எழுத்துகளை அழுத்தி எழுதியதில் தாளின் மறுபக்கமும் தடம் விழுந்திருந்தது.