சான்டோரினிக்கு லோன், நாகப்பட்டினத்தில் கப்பல்: தீவு டூர் பற்றி என் கணக்கு



"அண்ணா, கிரீஸ்ல தீவு தீவா படகுல போற டூர். ஒரு ஆளுக்கு 3 லட்சம் வருது. லோன் ஆப்லயே அப்ரூவ் ஆயிடுச்சு. போலாமா?" என்று என் சித்தப்பா பையன் கேட்டபோது, அவன் உண்மையிலேயே என் கருத்தைக் கேட்கவில்லை. டிக்கெட் போட்டுவிட்டுத்தான் கேட்டான். நானும் "ஜாலியா போய்ட்டு வாடா" என்றுதான் சொன்னேன். பர்சனல் ஃபைனான்ஸ் பேசுகிறவன் என்று பேர் வைத்துக்கொண்டு இப்படிச் சொன்னதுக்கு, இந்தக் கட்டுரையைப் பிராயச்சித்தம்னு வெச்சுக்கோங்க.

அவன் சென்னையில் ஐடி வேலை. வீடு திருவையாறு பக்கம். செப்டம்பர் கடைசியில் போனான். பிரேயஸ் துறைமுகத்தில் ஏறி, பாரோஸ், நக்சோஸ், சான்டோரினி. வெள்ளைச் சுவர், நீலக் கூரை போட்டோ எல்லாம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது. அதே வாரம்தான் ஊரில் சம்பா நடவு. சித்தப்பா சித்தியோட நாலு பவுன் சங்கிலியைக் கொண்டுபோய் அடகு வெச்சு, நடவு ஆட்கூலியும் உரச் செலவும் கொடுத்தார். இது அவனுக்குத் தெரியாது. அவன் லோன் எடுத்தது அவருக்குத் தெரியாது. தீபாவளிக்கு வீட்டுக்குப் போனப்ப சித்தி கழுத்தைப் பார்த்துத்தான் அவனுக்கு விஷயம் புரிஞ்சுது.

அவன் பொறுப்பில்லாத பையன் இல்லை. மாசாமாசம் வீட்டுக்கு 10,000 அனுப்புகிறவன். "வேற ஏதாவது வேணுமாப்பா?" என்று கேட்டால், டெல்டா அப்பாக்கள் எல்லாரும் சொல்ற பதில் ஒண்ணுதான்: "ஒண்ணும் வேணாம், நீ பார்த்து இரு."

முதல்ல லோன் கணக்கைப் போடுவோம்.

3 லட்சம், 15 சதவீத வட்டி, 36 மாசம். இஎம்ஐ 10,400 ரூபாய். மொத்தம் கட்டுவது 3,74,400. புராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டி சேர்த்து 7,080. ஆக, பத்து நாள் டூருக்கு 81,000 ரூபாய்க்கு மேல் வட்டியும் கட்டணமும். இதையே திருப்பிப் போட்டுப் பாருங்க. அதே 10,400-ஐ 6.5 சதவீத ஆர்டியில் போட்டால், 27 மாசத்தில் ஏறக்குறைய 3 லட்சம் கையில் இருக்கும். 36 மாசம் கட்டுவதற்குப் பதில் 27 மாசம். வித்தியாசம் ஒன்பது இஎம்ஐ.

"27 மாசம் யார் காத்திருப்பா? வயசு போயிடும்ல?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்விதான். அதுக்கு என் பதில்: காத்திருக்க வேணாம், வேற கடலுக்குப் போங்க.

நம்ம ஊர்லயே தீவு டூர் இருக்கு. தஞ்சாவூரில் இருந்து ரயிலில் திருவாரூர் வழியா நாகப்பட்டினம். அங்கே துறைமுகத்தில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, கப்பல் ஏறினால் சுமார் நாலு மணி நேரத்தில் காங்கேசன்துறை. கடல் வழியா ஏறக்குறைய 110 கிலோமீட்டர். தஞ்சாவூரிலிருந்து மதுரை போறதை விடக் குறைவு! அங்கிருந்து பஸ்ஸில் யாழ்ப்பாணம். யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டி வேலணை, புங்குடுதீவு வரை ரோட்டிலேயே போயிடலாம். புங்குடுதீவு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கேதான் உண்மையான ஐலண்ட் ஹாப்பிங் ஆரம்பம். நயினாதீவு கூப்பிடு தூரம், கால் மணி நேரம் போல. நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரம் அளவில்.

நாகப்பட்டினம் கப்பல் புதுசு ஒண்ணும் இல்லை. என் தாத்தாவோட அண்ணன் ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கு போனவர். அப்புறம் எம்.வி. சிதம்பரம் கப்பல் வந்தது. 1985 தீ விபத்தோடு அதுவும் நின்னுபோச்சு. டெல்டாவில் பாதி வீட்டில் ஒரு "மலேயா மாமா" கதை இருக்கும். அவங்க போனது பொழைப்புக்கு, நாம போறது லீவுக்கு, அதுதான் வித்தியாசம். இன்னும் பின்னாடி போனால், மணிமேகலை பூம்புகாரில் இருந்து மணிபல்லவத் தீவுக்குப் போகிறாள். அந்த மணிபல்லவம் நயினாதீவுதான் என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்றாங்க. காசில்லாமல் போன ஒரே பயணி அவள்தான். தெய்வம் தூக்கிட்டுப் போச்சு. நமக்கு அந்த ஆஃபர் இல்லை.

சரி, இப்போதைய கப்பல். 2023 அக்டோபர் 14-ல் செரியபாணி என்ற கப்பலோடு இந்தச் சேவை தொடங்கியது. டிக்கெட் வரியோடு 7,670 ரூபாய். சில நாளிலேயே நிறுத்திட்டாங்க, வடகிழக்குப் பருவமழை. அப்புறம் 2024 ஆகஸ்ட் 16-ல் சிவகங்கை என்ற கப்பல், சாதாரண சீட் ஏறக்குறைய 5,000 ரூபாயில் ஓட ஆரம்பித்தது. அந்த நவம்பரில் மறுபடி நிறுத்தம், 2025 பிப்ரவரியில் மறுபடி தொடக்கம். இந்த வரிசையைக் கவனிச்சீங்களா? ஐப்பசி, கார்த்திகையில் இந்தக் கடலை நம்பி லீவு அப்ளை பண்ணக் கூடாது. இங்கே காசு போறது டிக்கெட் விலையில் இல்லை, தேதியில்தான்.

கிரீஸிலும் இதே கதைதான். ஜூலை, ஆகஸ்ட்டில் ஈஜியன் கடலில் மெல்டெமி என்று ஒரு வடக்குக் காற்று அடிக்கும். அது பலமானால் படகு கிளம்பாது. ஸ்ட்ரைக் வந்தாலும் கிளம்பாது. அதனால் அனுபவப்பட்டவங்க கடைசி ராத்திரியைத் தீவில் வைக்க மாட்டாங்க. ஏதென்ஸ் வந்து ஒரு நாள் தங்கித்தான் விமானம் ஏறுவாங்க. அந்த ஒரு நாள் ரூம் வாடகை வீண் செலவு இல்லை, இன்சூரன்ஸ் பிரீமியம் மாதிரி. நாகைக் கப்பலுக்கும் அதையே வெச்சுக்கோங்க. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாகையில் இறங்கி, திங்கள் காலை பத்து மணிக்கு சோழிங்கநல்லூரில் மீட்டிங் என்று பிளான் போடாதீங்க. மாற்று வழி ஒண்ணு கையில் இருக்கட்டும்: யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்கு விமானம் உண்டு, 2025 மார்ச் கடைசியில் இருந்து திருச்சிக்கும் வந்திருக்கு. கடைசி நேர விமான டிக்கெட்டுக்கு ஒரு தொகையைத் தனியா ஒதுக்கிட்டுத்தான் கிளம்பணும். செலவாகலைன்னா சந்தோஷம், அப்படியே ஆர்டிக்குத் திருப்பி விடுங்க.

நான் போனது ஒரு மார்ச் மாசம், அஞ்சு நாள் நாலு ராத்திரி. கப்பல் போக வர 10,000. ரூம் நாலு ராத்திரிக்கு 10,000. சாப்பாடு, பஸ், ஆட்டோ, தீவுப் படகு எல்லாம் சேர்த்து 5,000-க்குக் கொஞ்சம் மேல். டிராவல் இன்சூரன்ஸ் 500 சொச்சம். மொத்தம் 26,000 ரூபாய். என் தம்பி கட்டின இஎம்ஐயில் இரண்டரை மாசம்!

சொதப்பலும் உண்டு, அது என் தப்பு. நெடுந்தீவில் குதிரைகளைப் பார்த்துட்டே நின்னுட்டேன். ஆளில்லாத வெளியில் கூட்டம் கூட்டமா மேயும். பவளக் கல்லை அடுக்கிக் கட்டின வேலிச் சுவர், டச்சுக் கோட்டை இடிபாடு, பெருக்கு மரம் என்று ஒரு பெரிய மரம், எல்லாம் பார்த்து இறங்குதுறைக்கு வந்தால் திரும்புற படகு போயிடுச்சு. அங்கேயே ஒரு வீட்டில் தங்கினேன். அந்த அம்மா சோறும் மீன் குழம்பும் போட்டாங்க. பக்கத்துத் தெருக்காரனை விசாரிக்கிற மாதிரி "தஞ்சாவூரில எந்த இடம்?" என்று கேட்டாங்க. ஒரு உபரி நாள் வெச்சிருந்ததால் எனக்கு நஷ்டம் யாழ்ப்பாணத்து ரூமின் ஒரு ராத்திரி வாடகை மட்டும்தான். இல்லைன்னா கப்பலும் போயிருக்கும்.

சில பணச் சமாச்சாரம், இரண்டு பயணத்துக்கும் சேர்த்து.

யுபிஐ இலங்கையில் 2024 பிப்ரவரியில் இருந்து வேலை செய்யுது. ஆப்பில் இன்டர்நேஷனல் ஆப்ஷனை இங்கேயே ஆன் பண்ணிட்டுப் போங்க. ஆனால் தீவுக் கடைக்காரர்கிட்ட கியூஆரை எதிர்பார்க்காதீங்க, கையில் நோட்டு வேணும். நம்ம ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும். ஹோட்டல் பில்லைப் பார்த்து முதல் நாள் பதறுவீங்க, இரண்டாம் நாள் "எல்லாமே சீப்" என்று அள்ளி விடுவீங்க. இரண்டும் தப்பு, வகுத்துப் பாருங்க.

கிரெடிட் கார்டை வெளிநாட்டில் தேய்ச்சால் பல கார்டுகளில் 3.5 சதவீதம் வரை மார்க்கப், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. ஒன்றரை லட்சம் தேய்ச்சால் ஏறக்குறைய 6,200 ரூபாய் சத்தமில்லாமல் போகும். மெஷினில் "இந்திய ரூபாயில் கட்டுறீங்களா?" என்று கேட்டால் வேணாம்னு சொல்லுங்க. அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்க, அவங்க போடுற ரேட் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

டூர் கம்பெனியில் வெளிநாட்டுப் பேக்கேஜ் எடுத்தால் டிசிஎஸ் பிடிப்பாங்க. அது செலவு இல்லை, உங்க பான் நம்பரில் வரவு ஆகும். ரிட்டர்ன் போடும்போது கழிச்சுக்கலாம், இல்லைன்னா ரீஃபண்ட் வாங்கலாம். ஆனால் அதுவரைக்கும் அந்தக் காசு உங்க கையில் இல்லை. லோன் எடுத்த காசில் டிசிஎஸ் கட்டினால், அரசாங்கத்துக்கிட்ட சும்மா இருக்கிற காசுக்கு நீங்க 15 சதவீத வட்டி கட்டுறீங்க என்று அர்த்தம். வெறும் டிக்கெட் மட்டும், வெறும் ரூம் மட்டும் தனித்தனியா நீங்களே புக் பண்ணினால் அது பேக்கேஜ் கணக்கில் வராது. ரேட் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், அந்த வருஷத்து விதியைப் பாருங்க.

ஷெங்கன் விசாவுக்குப் பெரியவங்களுக்கு 90 யூரோ, அது கிடைக்கலைன்னாலும் திரும்பாது. குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடும் கட்டாயம். இலங்கைக்கு ஈடிஏ ஆன்லைனில் எடுக்கணும். கட்டண விதி அடிக்கடி மாறியிருக்கு, அவங்க அரசாங்கத் தளத்தில் மட்டும் பாருங்க. கூகுளில் மேலே வர்ற விளம்பரத்தை அழுத்தி இரண்டு மடங்கு கட்டினவங்க எனக்கே தெரிஞ்சவங்க இருக்காங்க. இன்சூரன்ஸ் எடுக்கும்போது இன்னொண்ணு: "பயணத் தாமதம்" என்று எழுதியிருந்தால் அது விமானத்துக்கு மட்டுமா, கப்பலுக்குமா என்று படிங்க.

"யாழ்ப்பாணமும் சான்டோரினியும் ஒண்ணா?" இல்லை. ஒரு நாள் சான்டோரினிக்கும் போங்க, சேர்த்து வெச்ச காசில். எரிமலை வாய்க்குள்ள கப்பல் நுழையிற காட்சிக்கு நான் காசு சேர்த்துட்டுத்தான் இருக்கேன். ஆர்டிக்குப் பேரே "ஈஜியன்" என்று வெச்சிருக்கேன்.

ஆனால் டெல்டாப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு விஷயம் தனியா சொல்லணும். எமர்ஜென்சி ஃபண்ட் என்றால் ஆறு மாசச் செலவு என்று நாங்க எல்லாரும் வீடியோவில் சொல்றோம். அது மாசச் சம்பளக் குடும்பத்துக்குப் போட்ட கணக்கு. உங்க அப்பாவுக்கு வருமானம் நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு, பணம் பேங்குக்கு வர்றப்பத்தான். செலவோ ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தாலும் திறக்காட்டாலும் வரும். ஆகஸ்ட்டில் இருந்து அக்டோபர் வரை நாத்து, நடவு, களை, உரம் என்று வரிசையா போகும். அந்த வீட்டுக்கு மாசாமாசம் காசு வர்ற ஒரே ஆள் நீங்கதான். சித்தி சங்கிலியை மீட்கத் தேவைப்பட்ட தொகை என் தம்பியோட டூர் செலவில் பாதிதான். ஜூலை மாசம் வீட்டுக்குப் போன் பண்ணி, "வேற ஏதாவது வேணுமா" என்று பொதுவா கேட்காதீங்க. "நடவுக்கு எவ்வளவு ஆகும், கையில் எவ்வளவு இருக்கு, கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் போட்டாச்சா?" என்று நம்பரா கேளுங்க. சங்கத்துப் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே கிடையாது. நிலத்துக் காகிதம் அண்ணன் தம்பி பாகம் பிரிக்காமல் கிடக்கிறதால அதை வாங்க முடியாமல் நகையைத் தூக்கிட்டுப் போறவங்க எத்தனை பேர் தெரியுமா? சித்தப்பா கதை அதுதான்.

தம்பி அந்தத் தை மாசம் போனஸ் வாங்கி முதலில் சங்கிலியை மீட்டான். சிபில், லோன் என்று பார்த்தால் 15 சதவீதக் கடனை முதலில் அடைக்கணும், வட்டி குறைஞ்ச நகைக்கடன் அப்புறம்தான். கணக்குப்படி அவன் செஞ்சது தப்பு. நான் ஒண்ணும் சொல்லலை. மீதிக் காசில் லோனைக் கொஞ்சம் முன்கூட்டியே கட்டினான், ஃபோர்குளோஷர் சார்ஜ் எவ்வளவு என்று கையெழுத்துப் போடும்போது படிக்காததுக்கு அதிலும் கொஞ்சம் போச்சு.

இப்ப புதுசா ஒரு பிளான் ஓடிட்டிருக்கு. சம்பா அறுவடை முடிஞ்சு, கடல் அடங்கின பிறகு, மார்ச்சில், நாலு பேரா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறணும். நாலு பேருக்கு ஒரு லட்சம் சொச்சம், மாசம் 9,000 போட்டு வர்றான். சித்தப்பாவுக்கும் சித்திக்கும் தஞ்சாவூரில் பாஸ்போர்ட்டுக்குக் கொடுத்தாச்சு, ஆளுக்கு 1,500. சித்தி நயினாதீவு நாகபூஷணி அம்மனுக்கு இப்பவே மஞ்சள் துணியில் காசு முடிஞ்சு வெச்சிருக்காங்க. சித்தப்பா கேட்ட ஒரே கேள்வி, "அந்த ஊர்ல நெல்லு என்ன ரகம் போடுறான்?"