லயத்துக்கு என்ன விலை?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் எண் வெளிவருகிறது. நாட்டின் நகரங்களில் வீட்டு விலை எங்கே ஏறியது, எங்கே இறங்கியது என்று சொல்லும் எண். தேசிய வீட்டுவசதி வங்கி 2007 முதல் ‘ரெசிடெக்ஸ்’ என்ற பெயரில் இதை வெளியிடுகிறது. 50 நகரங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் இருக்கின்றன. ரிசர்வ் வங்கியின் குறியீட்டில் நம் மாநிலத்துக்குச் சென்னை மட்டும்தான். எண் ஏறினால் ‘வளர்ச்சி’ என்று செய்தி வரும்.

நீலகிரியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இந்த எண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி ஒன்றுதான். இந்த நாட்டில் எது வீடு என்று யார் முடிவு செய்கிறார்கள்?

ரெசிடெக்ஸுக்கான தரவு, வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் கடன் கொடுக்கும்போது போடும் மதிப்பீட்டிலிருந்து வருகிறது. ரிசர்வ் வங்கிக்கு அது பத்திரப் பதிவிலிருந்து வருகிறது. ஆக, ஒரு வீடு கணக்கில் வர நான்கு சுவரும் கூரையும் போதாது. பட்டா வேண்டும், பத்திரம் வேண்டும், வங்கி நம்புகிற உரிமையாளர் வேண்டும்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822 வாக்கில் தோடர்களிடம் ஏக்கர் ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கி ஊட்டியில் கல் பங்களா கட்டினார். இன்று அதே மலையில் நிலத்தைச் சென்ட் கணக்கில், லட்சங்களில் பேசுகிறார்கள். குன்னூரிலும் கோத்தகிரியிலும் ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற பங்களாக்களுக்கு விலை இருக்கிறது. மூன்று தலைமுறை புழங்கிய லயத்துக்கு விலையே கிடையாது.

லயத்தில் இருப்பவர்கள் யார்? பஞ்சத்துக்கும் பண்ணையடிமைத்தனத்துக்கும் தப்பி, கங்காணிகளின் பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன மக்களின் வாரிசுகள். பெரும்பான்மையோர் தலித்துகள். 1964 சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியது. அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படி வந்தவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தேயிலைத் திட்டம்தான் பின்னர் டான்டீ ஆனது. சேரம்பாடியிலும் நெல்லியாளத்திலும் காட்டை வெட்டித் தோட்டமாக்கியது அவர்கள் கைகள்.

தொழிலாளிக்கு வீடு தர வேண்டும் என்றது 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் வீட்டை வேலையோடு கட்டிப்போட்டது. பணி ஓய்வு வந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். நாற்பது ஆண்டு கொழுந்து பறித்த பெண் எங்கே போவார்? அதனால்தான் வீடு கைவிட்டுப் போகாதிருக்க, மகனோ மகளோ தோட்டத்தில் பேர் பதிகிறார்கள். பிறப்பு தொழிலைத் தீர்மானிக்கிறது, தொழில் குடியிருப்பைத் தீர்மானிக்கிறது. இதற்குச் சாதி என்பதைத் தவிர வேறென்ன பெயர்?

2022இல் டான்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க அரசு ஆணையிட்டது. நிலத்துக்கு வாரிசு இருக்கிறது, உழைத்தவருக்கு இல்லை. கூடலூரில் 1969 ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்களில் குடியிருப்பவர்கள் இன்னும் பட்டாவுக்கு அலைகிறார்கள். ஜென்மி முறை ஒழிந்தது. அந்த நிலத்தில் குடியிருந்தவனுக்கு உரிமை வரவில்லை.

“நகரக் குறியீட்டில் எஸ்டேட்டைத் தேடுவது நியாயமா?” என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சரி, நகரத்துக்கே போவோம். சுக்தேவ் தோரட்டும் சக ஆய்வாளர்களும் டெல்லியிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு கேட்டுச் சோதித்தார்கள். ஆதிக்கச் சாதிப் பெயருக்குக் கதவு திறந்தது. தலித்துகளில் 18 சதவீதத்தினருக்கும் முஸ்லிம்களில் 31 சதவீதத்தினருக்கும் முகத்தில் அடித்தாற்போல ‘இல்லை’ என்ற பதில். 2015இல் வெளியான ஆய்வு இது. இந்த மறுப்பு எந்தக் குறியீட்டில் பதிவாகிறது? பணம் இருந்தும் வீடு கிடைக்காதவனை விலைப் பட்டியல் பார்ப்பதே இல்லை.

குறியீடு பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. சொத்துள்ளவர்களைப் பற்றி அது சொல்வது உண்மை. அதை நாட்டின் வீட்டு நிலவரம் என்று விற்பதுதான் மோசடி. கடன், வரி, திட்டம் எல்லாம் எண்ணைப் பார்த்து நடக்கும் காலத்தில், எண்ணப்படாதவருக்கு எதுவும் வந்து சேராது.

நமது கோரிக்கைகளில் சிக்கல் ஒன்றுமில்லை. ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளருக்கு, முதலில் பெண்கள் பெயரில், பட்டாவுடன் வீடு. அது முடியும்வரை லயத்திலிருந்து ஒருவரையும் வெளியேற்றக் கூடாது. பிரிவு 17 நிலங்களில் குடியிருப்போருக்கு உரிமை. வீட்டுக் கணக்கெடுப்புகளில் யாருக்கு வீடு மறுக்கப்படுகிறது என்பதும் சாதிவாரியாக வர வேண்டும்.

தோழர்களே, ஊட்டிக்குச் சுற்றுலா வரும்போது தேயிலைச் சரிவைப் படமெடுப்பீர்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் நீளமாகத் தகரக் கூரை ஒன்று விழும். அதை வெட்டிவிடாதீர்கள். அங்கே இருப்பவரிடம் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.